நோட் 22-ல் நின்றுபோகும் ஸ்டார்ட்டர் தீம்: பில்ட் வேலை நமக்கு வேண்டுமா?

2025 ஜூன் 14 – மன்னார்குடி வாசகரின் கேள்வி

அண்ணே, நாச்சியார்கோயில் குத்துவிளக்குக் கடை ஒன்றுக்கு வேர்ட்பிரஸ் தீம் செய்கிறேன். அண்டர்ஸ்கோர்ஸ் என்ற ஸ்டார்ட்டர் தீமை (புதுத் தீம் எழுதத் தொடங்குவதற்கான வெற்றுச் சட்டகம்) சாஸ் (சிஎஸ்எஸ் ஆக மாற்றிக்கொள்ளும் மொழி) சேர்த்து இறக்கினேன். லேப்டாப்பில் விண்டோஸ், நோட் 22 (கணினியில் ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளை ஓட்டும் நிரல்). தேவையான பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்தால் பாதியில் பைத்தானைத் தேடுகிறது. பைத்தான் போட்டேன், இப்போது விஷுவல் ஸ்டுடியோ கேட்கிறது. ஒரு சிஎஸ்எஸ் கோப்பு எழுத இவ்வளவும் வேண்டுமா? வேறு ஸ்டார்ட்டர் தீமுக்கு மாறிவிடட்டுமா?

ஜூன் 14, இரவு

மாற வேண்டாம் தம்பி. பைத்தானும் வேண்டாம், விஷுவல் ஸ்டுடியோவும் வேண்டாம். தீமில் குறையே இல்லை. அதற்குத் தேவையான பேக்கேஜ்களின் பட்டியலான பேக்கேஜ்.ஜேசனைத் திறந்து பாருங்கள், நோட்-சாஸ் என்று ஒரு வரி இருக்கும், பதிப்பு 7. எல்லாத் தொல்லையும் அங்கேதான். நோட்-சாஸ் சுத்த ஜாவாஸ்கிரிப்ட் இல்லை, சி++-ல் எழுதிய லிப்சாஸின் மேல் போட்ட உறை. அதனால் ஒவ்வொரு நோட் பதிப்புக்கும் தனியாகக் கம்பைல் செய்த (இயந்திர மொழிக்கு மாற்றிய) ஒரு துண்டு வேண்டும். உங்கள் நோட்டுக்குத் தயாராக ஒன்று கிடைக்காதபோது, உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்துகொள்ளப் பார்க்கிறது. பைத்தானும் விஷுவல் ஸ்டுடியோவும் அதற்காகக் கேட்பவை. லிப்சாஸைக் கைவிடுவதாக 2020-லேயே அறிவித்துவிட்டார்கள், இனி அதன் பின்னால் ஓடிப் பயனில்லை.

நோட்-சாஸை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, சாஸ் என்ற பெயரிலேயே இருக்கும் பேக்கேஜைப் போடுங்கள். அது டார்ட் சாஸ், கம்பைலர் எதுவும் கேட்காது. போடுவதற்கு முன், பேக்கேஜ்கள் இறங்கும் நோட்மாட்யூல்ஸ் ஃபோல்டரை முழுசாக அழித்துவிடுங்கள். ஏற்கெனவே பாதி இறங்கி நின்றது உள்ளே கிடக்கும்.

ஜூன் 15

மன்னார்குடித் தம்பி போட்டுவிட்டார், இப்போது "இண்டென்ட் டைப் என்று ஒரு ஆப்ஷனே கிடையாது" என்று திட்டுகிறதாம். ஆமாம், திட்டத்தான் செய்யும். பேக்கேஜ்.ஜேசனின் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் உள்ள கட்டளைகள் நோட்-சாஸுக்காக எழுதியவை. பெயரை மட்டும் மாற்றினால் போதாது, இண்டென்ட் தொடர்பான இரண்டு ஆப்ஷன்களையும், அவுட்புட் ஸ்டைல் போன்ற மற்ற நோட்-சாஸ் ஆப்ஷன்களையும் எடுத்துவிடுங்கள். டார்ட் சாஸில் சோர்ஸ் மேப் (உருவான வரி எந்த மூலக் கோப்பிலிருந்து வந்தது என்று காட்டும் கோப்பு) தானாகவே வரும், அதற்கும் தனியாக எதுவும் எழுத வேண்டாம். எந்த ஃபோல்டரிலிருந்து எந்த ஃபோல்டருக்கு என்பதை நடுவில் முக்காற்புள்ளி வைத்துக் கொடுங்கள், வாட்ச் என்று சேருங்கள், தீர்ந்தது.

விண்டோஸ்காரர்களுக்கு இன்னொன்று. அதே ஸ்கிரிப்ட்ஸில், ஸ்டைல் கோப்பில் பிழை பார்க்கும் ஸ்டைல்லின்ட் வரியில் ஒற்றை மேற்கோள் குறிக்குள் கோப்புப் பெயர் இருக்கும். லினக்ஸிலும் மேக்கிலும் சரி, விண்டோஸ் கட்டளைச் சாளரம் ஒற்றைக் குறியை மேற்கோளாகவே பார்ப்பதில்லை, பெயரின் பகுதியாக எடுத்துக்கொண்டு கோப்பு இல்லை என்று சொல்லும். தப்பிக்கும் சாய்கோடு போட்ட இரட்டைக் குறியாக மாற்றிவிடுங்கள், எல்லா இடத்திலும் ஓடும்.

ஜூன் 17

தஞ்சாவூரிலிருந்து ஒரு சார் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறார். "கடைக்கு அஞ்சு பக்க சைட். இப்போது சிஎஸ்எஸ்-லேயே வேரியபிள் இருக்கிறது, நெஸ்டிங் இருக்கிறது. இவர்களுக்கு எதற்கு சாஸ், எதற்கு நோட்? சின்னப் பையன்களைக் கெடுக்காதீர்கள்."

சார் சொல்வதில் பாதிக்கு நான் முழு மனதோடு உடன்படுகிறேன். 2023-லிருந்து பெரிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் நெஸ்டிங் (ஒரு விதிக்குள் இன்னொரு விதி எழுதுவது) வந்துவிட்டது. நிறம், இடைவெளி, எழுத்து அளவு இதையெல்லாம் தீமின் அமைப்புக் கோப்பான தீம்.ஜேசனில் எழுதிவிட்டால் எடிட்டரிலும் சைட்டிலும் ஒரே மாதிரி வேர்ட்பிரஸே வேரியபிளாக்கிக் கொடுக்கிறது, 5.8-லிருந்து அந்த வசதி இருக்கிறது. அஞ்சு பக்க சைட்டுக்கு ஒரே ஒரு சிஎஸ்எஸ் கோப்பை நேராக எழுதுவதுதான் சரி என்றுகூடச் சொல்வேன். பில்ட், அதாவது சாஸ் போன்ற மூலக் கோப்பிலிருந்து சைட்டுக்கான கோப்பைச் செய்யும் வேலை, இல்லாத தீமில் பில்ட் உடைவதற்கே வழியில்லை.

ஆனால் சார், உடன்படாத பாதியையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வரும் பழைய சைட்டுகளில் தொல்லை பில்ட் இருப்பதால் வருவதில்லை, பில்ட் செய்ததை மட்டும் கொடுத்துவிட்டுப் போவதால் வருகிறது. திருபுவனம் பட்டு விற்கும் கடை ஒன்று, பெயர் வேண்டாம். சென்னையில் யாரோ செய்து கொடுத்த தீம். முதலாளி என்னிடம் கேட்டது சின்ன விஷயம்: தீபாவளிக்கு மேல்பட்டையின் நிறத்தை மாற்ற வேண்டும், புடவை படங்களை மொபைலில் இரண்டு வரிசையாகக் காட்ட வேண்டும். உள்ளே போய்ப் பார்த்தால் ஸ்டைல் கோப்பு முழுக்க ஒரே வரி. வரி உடைப்பு இல்லை, கமென்ட் இல்லை. சாஸ் கோப்புகள் எங்கே என்று செய்தவர்களிடம் கேட்டால், அந்த வேலை பார்த்த பையன் இப்போது இங்கே இல்லை என்று பதில். விதைநெல்லைத் தாங்கள் வைத்துக்கொண்டு அரிசியை மட்டும் முதலாளி கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அதை வைத்து அவர் எப்படி அடுத்த போகம் விதைப்பார்? எனக்கு முன்னால் வந்தவர்களும் கஸ்டமைசரில் உள்ள கூடுதல் சிஎஸ்எஸ் பெட்டியில், மற்ற விதிகளை மீறச் செய்யும் இம்பார்ட்டன்ட் போட்டுப் போட்டு ஒட்டியிருந்தார்கள். ஒன்றை மாற்றினால் இன்னொன்று இடிக்கிறது. அந்த முதலாளி பணம் கொடுத்து வாங்கிய பொருள் அது. அதில் ஒரு நிறத்தை மாற்ற முடியாமல் அவர் நிற்பது நியாயமே இல்லை.

அதனால் சாஸா, வெறும் சிஎஸ்எஸ்ஸா, பில்ட் கருவி கல்பா, வைட்டா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். இதை உங்களுக்குப் பிறகு இன்னொருவர் தன் கணினியில் திறந்து, எந்தக் கேள்வியும் கேட்காமல் பில்ட் செய்ய முடியுமா? முடியும் என்றால் எந்தக் கருவி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் சார் சொல்வதுதான் சரி, வெறும் சிஎஸ்எஸ் எழுதுங்கள்.

ஜூன் 17, கொஞ்சம் கழித்து

பட்டுக் கடை சைட் கடைசியில் என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். சோர்ஸ் கிடைத்தது. சர்வரிலேயே இருந்தது!

ஸ்டைல் கோப்பின் கடைசியில் சோர்ஸ் மேப்பின் பெயர் இருந்தது, பக்கத்திலேயே அந்த மேப் கோப்பும் கிடந்தது. அந்தத் தீம் வெப்பேக் என்ற கருவியில் பில்ட் செய்தது. வெப்பேக் மேப்பில் பெரும்பாலும் மூலக் கோப்புகளின் முழு உரையும் சோர்ஸஸ் கன்டென்ட் என்ற பகுதியில் அப்படியே இருக்கும். பிரவுசரின் டெவலப்பர் சாளரத்தில் சோர்ஸஸ் பக்கத்தைத் திறந்தால் பழைய ஃபோல்டர் அமைப்போடு, கமென்ட்டுகளோடு சாஸ் கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன்.

எல்லா மேப்பிலும் இப்படி இருக்காது. டார்ட் சாஸ் தானாகச் செய்யும் மேப்பில் கோப்பின் முகவரி மட்டுமே இருக்கும், உரையும் வேண்டும் என்றால் எம்பெட் சோர்ஸஸ் என்ற ஆப்ஷனைக் கொடுக்க வேண்டும். அனாதையாக வரும் தீம் எது கிடைத்தாலும் முதலில் மேப் கோப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஜூன் 21

மன்னார்குடித் தம்பிக்கு நேற்று மின்சாரம் போய் என்பிஎம் இன்ஸ்டால் நடுவில் நின்றுவிட்டது. மறுபடி கொடுத்தால் ஏதேதோ கோப்பைக் காணவில்லை என்கிறதாம். ஃபோன் ஹாட்ஸ்பாட்டில்தான் ஓட்டுகிறார், டேட்டா தீர்ந்துவிடுமோ என்று கவலை.

இறங்கிய பேக்கேஜ்களின் துல்லியமான பதிப்புகளைக் குறித்து வைக்கும் பேக்கேஜ்-லாக் கோப்பு இருக்கிறதல்லவா, அப்படியானால் இன்ஸ்டால் கொடுக்காமல் என்பிஎம் சிஐ கொடுங்கள். அது பழைய நோட்மாட்யூல்ஸை முதலில் அழித்துவிட்டு லாக்கில் உள்ள பதிப்புகளையே துல்லியமாகப் போடும். கூடவே ப்ரிஃபர் ஆஃப்லைன் என்று சேர்த்தால் முன்பே இறங்கியவற்றைக் கணினியில் சேமித்துள்ள கேஷிலிருந்து எடுத்துக்கொள்ளும், இல்லாததை மட்டும் இறக்கும். பல சைட் வைத்திருப்பவர்கள் என்பிஎம்முக்குப் பதிலாக பிஎன்பிஎம்முக்கு மாறலாம், ஒரு பேக்கேஜை ஒரு முறை இறக்கிவிட்டு எல்லா ப்ராஜெக்டுக்கும் அதையே இணைத்துக்கொள்ளும். டெல்டாவில் மாலை நேரத்து நெட்வொர்க்கை நம்பி வேலை செய்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

லாக் கோப்பைக் கிட்டில் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவி) சேர்க்காமல் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து சேருங்கள். பேக்கேஜ்.ஜேசனில் பதிப்புக்கு முன்னால் கூரைக் குறி இருக்கும், இந்தப் பெரிய பதிப்புக்குள் புதிதாக எது வந்தாலும் சரி என்று அதற்குப் பொருள். இன்று ஓடுவது இரண்டு வருடம் கழித்து ஓடும் என்பதற்கு லாக் கோப்பு இல்லாவிட்டால் எந்த உறுதியும் இல்லை.

அப்புறம், நோட்மாட்யூல்ஸை எஃப்டிபியில் ஏற்ற வேண்டாம். ஒருவர் ராத்திரி முழுக்க ஏற்றிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறார். சர்வருக்கு அது தேவையே இல்லை. பிஎச்பி கோப்புகள், தீம்.ஜேசன் இருந்தால் அது, பில்ட் ஆன சிஎஸ்எஸ், ஜேஎஸ், படங்கள், எழுத்துருக்கள், இவ்வளவுதான் மேலே போக வேண்டும்.

ஜூன் 24

இன்று பேரளத்திலிருந்து ஒரு கேள்வி: பில்ட் ஓடுகிறது, சர்வரிலும் ஏற்றியாயிற்று, சைட் மட்டும் மாறவில்லை. கடைக்காரர் ஃபோனில் பழைய நிறமே தெரிகிறது.

அண்டர்ஸ்கோர்ஸின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் மேலேயே பதிப்பு எண்ணை 1.0.0 என்று வைத்திருப்பார்கள், ஒவ்வொரு வெளியீட்டிலும் மாற்றுங்கள் என்று கமென்ட்டும் இருக்கும். அந்த எண்தான் ஸ்டைல் முகவரியின் வாலில் ஒட்டிக்கொண்டு போகிறது. எண் மாறாத வரை ஃபோனைப் பொறுத்தவரை அது அதே கோப்பு. எண்ணுக்குப் பதிலாக ஃபைல்எம்டைம் வைத்துக் கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைக் கொடுத்துவிடுங்கள், ஏற்றும்போதெல்லாம் தானே மாறும். அதன் பிறகும் பழையதே வந்தால் கேஷ் ப்ளகின் தன் பங்குக்கு எல்லா சிஎஸ்எஸ்ஸையும் ஒன்றாக்கி வைத்திருக்கும், அதைக் காலி செய்ய வேண்டும்.

இன்னொன்று, இதில் பலர் மாட்டுகிறார்கள். பில்டை கம்ப்ரஸ்ட் (சுருக்கிய வடிவம்) ஆக மாற்றியவுடன் தீமை ஜிப் செய்து ஏற்றினால், சரியான தீம் தலைப்பு இல்லை என்று வேர்ட்பிரஸ் திருப்பி அனுப்பும். ஸ்டைல்.சிஎஸ்எஸ் தலையில் உள்ள கமென்ட்டில்தான் தீமின் பெயர் இருக்கிறது, சாஸ் சுருக்கும்போது கமென்ட்டுகளைத் தூக்கி எறிகிறது. கமென்ட் தொடங்கும் இடத்தில், நட்சத்திரக் குறிக்கு அடுத்து ஒரு ஆச்சரியக்குறி போட்டால் சாஸ் அதைத் தொடாது. சைல்ட் தீமாக (இன்னொரு தீமின் மேல் கட்டியது) இருந்தால் விளைவு இன்னும் மோசம், எந்தத் தீமின் சைல்ட் என்ற வரியும் சேர்ந்து போய்விடும். தலைப்பை வேர்ட்பிரஸ் கோப்பின் முதல் 8 கேபிக்குள்தான் தேடும் என்பதால் அது உச்சியிலேயே இருக்க வேண்டும்.

என் வழக்கம் வேறு. ஸ்டைல்.சிஎஸ்எஸ்ஸில் தலைப்பு மட்டும், வேறு ஒரு வரிகூடக் கிடையாது. உண்மையான ஸ்டைல் எல்லாம், பில்ட் ஆனவை போகும் டிஸ்ட் ஃபோல்டருக்குள் வேறு கோப்பில். பில்ட் கருவி அந்தத் தலைப்பை ஒருபோதும் தொடாது.

ஜூலை 2

குத்துவிளக்குக் கடை சைட் லைவுக்குப் போயிற்று, போனவுடன் பதிவு வகை (கேட்டகிரி) ஒன்றின் அலங்காரம் முழுசாகக் காணாமல் போயிற்று. தம்பி பதறிப்போய் பில்டைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறார். பில்டில் ஒன்றும் இல்லை. தமிழில் சைட் செய்கிற நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது, ஆங்கிலப் பயிற்சி வீடியோக்களில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அதனால் விரிவாக எழுதுகிறேன்.

வகையின் ஸ்லக் (இணைய முகவரியில் வரும் பெயர்) ஆங்கிலத்தில் இருந்தால் வேர்ட்பிரஸ் பதிவுக்குக் கொடுக்கும் கிளாஸில் (ஸ்டைல் பொருத்துவதற்கான பெயர்) அந்தச் சொல் வரும். ஸ்லக் தமிழில் இருந்தால், கிளாஸ் பெயரைச் சுத்தம் செய்யும் ஃபங்ஷன் ஆங்கில எழுத்து, எண், கோடு தவிர எல்லாவற்றையும் நீக்கிவிடும். மிச்சம் எதுவும் இல்லை என்றால் அந்த வகையின் ஐடி எண்ணைப் போட்டுவிடும். தம்பி தன் கணினியில் கேட்டகிரி-7 என்ற கிளாஸைப் பார்த்து அதற்கு ஸ்டைல் எழுதியிருக்கிறார். லைவில் வகைகளைக் கையால் மறுபடி உருவாக்கியபோது அதே வகைக்கு வேறு எண் விழுந்துவிட்டது. ஸ்டைல் சரியாகத்தான் இருக்கிறது, அந்தக் கிளாஸ்தான் லைவில் இல்லை.

ஸ்லக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. டேட்டாபேஸில் பதிவின் ஸ்லக்குக்கு 200 இடம்தான். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் மூன்று பைட், முகவரிக்காக மாற்றும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகிறது. ஆக ஒரு குறிக்கு 9 இடம். க தனி, அதன் மேல் வரும் உகரம் தனி, புள்ளி தனி. "நாச்சியார்கோயில் குத்துவிளக்கு" என்று ஒரு பக்கத்துக்குத் தலைப்பு வைத்துப் பாருங்கள். நாச்சியார்கோயில் என்பதற்கு 16 குறி, 144 இடம். நடுவில் ஒரு கோடு. மீதி 55 இடத்தில் ஆறு குறிதான் நுழையும். ஸ்லக் "நாச்சியார்கோயில்-குத்து" என்று முடிந்துவிடும், விளக்கு வெளியே நின்றுவிடும். இதே தொடக்கத்தில் இன்னொரு பக்கம் போட்டால் அதற்கு வாலில் 2 ஒட்டும். அந்தப் பெயரை நம்பி டெம்ப்ளேட் கோப்போ ஸ்டைலோ எழுதினால் என்றாவது ஒரு நாள் உடையும்.

நான் செய்வது: தலைப்பு தமிழ், ஸ்லக் ஆங்கில எழுத்தில், கையால். ஸ்டைலில் ஐடி எண் கூடவே கூடாது. அவசியம் என்றால் போஸ்ட் கிளாஸ் ஃபில்டரில் நமக்கென்று ஒரு கிளாஸ் சேர்த்துக்கொள்ளலாம்.

எழுத்துரு பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதே சைட்டில் இரண்டு தொல்லை. ஒன்று, எழுத்துருவைச் சிறிதாக்குகிறேன் என்று தமிழுக்கான 128 யூனிகோட் இடங்களை மட்டும் வைத்து வெட்டியிருந்தார். ₹ அந்த 128-க்குள் இல்லை. விலைப்பட்டியலில் ₹ மட்டும் வேறு எழுத்துருவில் வந்து துருத்திக்கொண்டு நின்றது. எண்களும் நிறுத்தக்குறிகளும் அப்படியே. வெட்டும் கருவிக்குக் கொடுக்கும் பட்டியலில் அவற்றையும் சேருங்கள். கு, டு, மூ போன்ற கூட்டு வடிவங்களை வரையும் விதிகள் எழுத்துருவுக்குள் தனி அட்டவணையில் இருப்பவை, வெட்டும்போது அவற்றையும் விடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வரி உயரம். ஆங்கிலத் தலைப்பை மனதில் வைத்துத் தலைப்புகளுக்கு 1.1, 1.2 என்று நெருக்கிக் கொடுத்திருக்கும் தீம்கள் பல. தமிழில் மேலே இகரக் கொக்கியும் கீழே ஊகாரச் சுழியும் இருக்கின்றன. தலைப்புப் பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன் வேறு இருந்தால் "பூ" அடியில் வெட்டுப்பட்டு நிற்கும். தலைப்புக்கு 1.4, உடல் உரைக்கு 1.7 என்று தொடங்கிப் பாருங்கள், எழுத்துருவைப் பொறுத்துக் கூட்டிக் குறைக்கலாம்.

ஜூலை 3

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. பதிவுச் சுருக்கத்துக்கு பிஎச்பியின் சப்ஸ்டிஆர் போடாதீர்கள். அது பைட் கணக்கு, தமிழ் எழுத்தை நடுவில் பிளந்து கேள்விக்குறிப் பெட்டி காட்டும். எம்பி சப்ஸ்டிஆர் பிளக்காது, ஆனால் கொம்பையோ புள்ளியையோ எழுத்திலிருந்து பிரித்துவிடும். வேர்ட்பிரஸின் ட்ரிம் வேர்ட்ஸை வைத்துச் சொல் கணக்கில் வெட்டுவது நல்லது.

ஜூலை 5

பில்ட் ஆன டிஸ்ட் ஃபோல்டரைக் கிட்டில் சேர்க்கலாமா கூடாதா என்று தஞ்சாவூர் சாருக்கும் திருவாரூர் நண்பருக்கும் பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது. நண்பர் சொல்வது பாடப்புத்தக விதி: செய்து எடுக்கக்கூடியதைச் சேமிக்காதே, ஒவ்வொரு மெர்ஜிலும் (பலர் செய்த மாற்றங்களை ஒன்றுசேர்க்கும்போது) சண்டை வரும். பெரிய குழுவுக்கு, சர்வரில் தானாக பில்ட் ஓடும் இடத்துக்கு, அது சரி. நானும் நெடுநாள் அப்படித்தான் வைத்திருந்தேன்.

இப்போது என் எண்ணம் மாறியிருக்கிறது. நம் வாடிக்கையாளர்களின் ஹோஸ்டிங் பெரும்பாலும் ஷேர்டு (ஒரே சர்வரைப் பல சைட்டுகள் பகிர்ந்துகொள்வது), அங்கே நோட் கிடையாது. தீமை எடுத்து வைத்துக்கொள்பவர் கடைக்காரரின் மருமகனாகவோ பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவராகவோ இருப்பார். அவர் கையில் கிடைக்கும் ஃபோல்டர் பில்ட் செய்யாமலே ஓட வேண்டும், விரும்பினால் பில்ட் செய்யவும் முடிய வேண்டும். ஆகவே தனி ஆள் வேலைக்கு இரண்டையும் சேர்த்தே வைக்கிறேன். சோர்ஸ், லாக் கோப்பு, நோட் பதிப்பு எழுதிய என்விஎம்ஆர்சி கோப்பு, டிஸ்ட், நாலு வரி ரீட்மீ. ரீட்மீ தமிழிலேயே. மெர்ஜ் சண்டை தனி ஆளுக்கு வரப்போவதில்லை.

நோட் பதிப்பை மாற்றி மாற்றி வைக்க விண்டோஸில் எஃப்என்எம் என்ற கருவி நன்றாக இருக்கிறது, என்விஎம்ஆர்சியையும் அதுவே படித்துக்கொள்ளும். எல்டிஎஸ் (நீண்ட நாள் பராமரிப்பு கிடைப்பது) ஆகும் இரட்டைப்படைப் பதிப்புகளையே எடுங்கள்.

ஜூலை 19

பழைய தீம்களின் பிழைச் செய்திகள் நிறைய வந்துவிட்டன, சுருக்கமாகச் சொல்கிறேன். "ப்ரைமார்டியல்ஸ் இஸ் நாட் டிஃபைண்ட்" என்றால் கல்ப் 3, நோட் 12-லிருந்து அது ஓடாது. கல்ப் 4-க்கு மாற டாஸ்க் எழுதும் முறையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். அவசரம் என்றால் பேக்கேஜ்.ஜேசனில் ஓவர்ரைட்ஸ் எழுதி கிரேஸ்ஃபுல்-எஃப்எஸ் என்ற பேக்கேஜ் மட்டும் புதிய 4.2 வரிசைக்கு வரும்படி செய்யலாம்.

"டிஜிட்டல் என்வலப் ரொட்டீன்ஸ் அன்சப்போர்ட்டட்" என்றால் வெப்பேக் 4. நோட் 17-லிருந்து உள்ளே ஓப்பன்எஸ்எஸ்எல் 3 என்ற மறையாக்க நூலகம் வந்தது, வெப்பேக் 4 நம்பியிருக்கும் எம்டி4 ஹாஷ் அதில் சாதாரணமாகத் திறந்திருப்பதில்லை. லெகஸி ப்ரொவைடர் ஆப்ஷனைப் போட்டு அன்றைய வேலையை முடித்துக்கொள்ளலாம், அதை நிரந்தரமாக ஸ்கிரிப்டில் எழுதி வைத்துவிட்டுப் போகாதீர்கள். வெப்பேக் 5-ன் இன்றைய பதிப்புக்குப் போவதே வழி.

உங்கள் கணினியில் ஓடுகிறது, சர்வரில் மட்டும் கோப்பு இல்லை என்றால் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும், லினக்ஸ் பார்க்காது. வெள்ளைத் திரை வந்தால் ஊகிக்க வேண்டாம், டபிள்யூபி டீபக்கையும் டபிள்யூபி டீபக் லாகையும் இயக்கினால் டபிள்யூபி-கன்டென்ட்டுக்குள் டீபக் கோப்பில் வரி எண்ணோடு எழுதியிருக்கும்.

ஆகஸ்ட் 4

நேற்று பதினெட்டாம் பெருக்கு, கும்பகோணத்தில் படித்துறையெல்லாம் கூட்டம், கணினிப் பக்கமே வரவில்லை.

தம்பி இப்போது அடுத்த சைட்டுக்கு வைட் வைத்துப் பார்க்கிறார். நல்லது. சேஜ் என்ற ஸ்டார்ட்டர் தீமும் 2025-ல் 11-வது பதிப்பில் வைட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் சேஜோடு அக்கார்ன், பிளேடு, கம்போசர் என்ற பிஎச்பி கருவிகள் எல்லாம் சேர்ந்து வரும். பிஎச்பி நன்றாகத் தெரிந்து, சர்வரும் கையில் இருப்பவர்களுக்கு அது அருமையான ஏற்பாடு. ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருக்கும் கடை சைட்டை அதன் மேல் கட்ட நான் சொல்ல மாட்டேன்.

சாதாரண தீமில் வைட் வைத்தால் கவனிக்க வேண்டியது, பக்கம் பிஎச்பியிலிருந்து வருகிறது, ஸ்டைலும் ஸ்கிரிப்டும் 5173 போர்ட்டில் ஓடும் வைட்டிலிருந்து வருகின்றன என்பதுதான். ஸ்கிரிப்ட் டேகில் டைப் மாட்யூல் இல்லையென்றால் ஓடாது. சிஎஸ்எஸ்ஸில் எழுதிய படங்களைப் பிரவுசர் வேர்ட்பிரஸ் முகவரியில் தேடும். சர்வர் ஆரிஜின் என்ற அமைப்பில் வைட்டின் முழு முகவரியைக் கொடுத்தால் சரியாகும்.

லைவில் வரும் தொல்லை வேறு. வைட் 5-லிருந்து மேனிஃபெஸ்ட் கோப்பு (எந்த மூலக் கோப்பு எந்தப் பெயரில் பில்ட் ஆனது என்ற பட்டியல்) டிஸ்டுக்குள் புள்ளியில் தொடங்கும் வைட் ஃபோல்டருக்குள் போய் உட்காருகிறது. புள்ளியில் தொடங்குவது மறைந்த ஃபோல்டர் என்பதால், ஏற்றும்போது சிலரின் கருவி அதைத் தவிர்த்துவிடுகிறது. பிஎச்பி மேனிஃபெஸ்ட்டைத் தேடிக் காணாமல் ஸ்டைலே இல்லாத சைட்டைக் காட்டுகிறது. பில்ட் அமைப்பில் மேனிஃபெஸ்ட் என்பதற்கு ட்ரூ என்று கொடுக்காமல் மேனிஃபெஸ்ட்.ஜேசன் என்று பெயரே கொடுத்துவிடுங்கள், டிஸ்டின் மேல்மட்டத்திலேயே வரும்.

ஸ்டைலை உங்கள் கணினியில் ஓடும் டெவ் சர்வரிலிருந்து எடுப்பதா, பில்ட் ஆனதிலிருந்து எடுப்பதா என்று பிஎச்பி எப்படி முடிவு செய்வது? ஏதோ ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும் முறையைப் பலர் வைத்திருக்கிறார்கள், அந்தக் கோப்பு தவறுதலாக லைவுக்கு ஏறிவிட்டால் வருகிறவர்களின் ஃபோனெல்லாம் லோக்கல்ஹோஸ்டைத் தேடும். வேர்ட்பிரஸ் 5.5-லிருந்து சூழல் வகையைச் சொல்லும் ஃபங்ஷன் இருக்கிறது. உங்கள் கணினியின் கான்ஃபிக் கோப்பில் லோக்கல் என்று எழுதுங்கள். எதுவும் எழுதாத இடத்தில் அது ப்ரொடக்ஷன் என்றே சொல்லும், ஆகவே லைவில் நீங்கள் மறந்தாலும் கெடுதல் இல்லை.

ஆகஸ்ட் 9

தீம் ஃபோல்டரின் பெயரை மாற்றினேன், மெனு, லோகோ, கூடுதல் சிஎஸ்எஸ் எல்லாம் போய்விட்டன என்று பட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர். போகவில்லை, டேட்டாபேஸில் பழைய ஃபோல்டர் பெயரின் கீழ் அப்படியே இருக்கின்றன. பெயரைத் திருப்பி வைத்தால் வந்துவிடும். கூடுதல் சிஎஸ்எஸ்ஸை அப்போதே வெளியே எடுத்து சோர்ஸ் கோப்புக்குள் சேர்த்துவிடுங்கள், பிறகு பெயரை மாற்றலாம், மெனு இடங்களையும் லோகோவையும் புதுப் பெயரில் ஒரு முறை குறித்துக்கொடுக்க வேண்டியிருக்கும். ஸ்டார்ட்டர் தீமை இறக்கும் அன்றைக்கே கடையின் பெயரை ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஃபோல்டருக்கு வைத்துவிட்டால் இந்த வேலையே வராது.